பழம் மட்டும் சாப்பிட்டா கருணை கூடிடுமா?

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு டீ போட்டுக்கிட்டு உக்காந்து படிங்க. பால் டீயா, கோப்பி ஓவா என்பது உங்க இஷ்டம். அதைப் பத்தித்தான் பேசப் போறேன்.

நம்ம கோயில் வாட்ஸ்அப் குழுவுல ரெண்டு வாரமா ஓடுற சண்டையை எல்லாரும் பாத்திருப்பீங்க. புரட்டாசி வரப் போகுது, விரதத்துக்கும் அன்னதானத்துக்கும் என்ன முறைன்னு பேச ஆரம்பிச்சாங்க, அது எங்கேயோ போயிடுச்சு. ஒரு பக்கம் நம்ம பிள்ளைங்க சில பேர். மடப்பள்ளியில பால், தயிர், நெய், தேன் எதுவும் கூடாது, எல்லாத்தையும் 'வீகன்' ஆக்கணும்னு கேக்குறாங்க. இன்னொரு பக்கம் அதுக்கும் ஒரு படி மேல ஏறி நிக்கிறாங்க. கீரையைப் பிடுங்குறதும் கொலைதானாம். அரிசி, பருப்பு எல்லாம் விதை, ஒரு பிடி அரிசியை அவிச்சா ஆயிரம் நெற்செடியைக் கொன்ன மாதிரியாம். மரம் தானா கொடுக்கிற பழம் ஒண்ணுதான் பாவம் ஒட்டாத சாப்பாடாம். இதுக்கு 'ஃப்ரூட்டேரியன்'னு பேரு. அதனால இந்த வருஷம் 48 நாள் விரதத்தைப் பழம் மட்டும் சாப்பிட்டு இருக்கணும், சனிக்கிழமை அன்னதானத்தையே பழ தானமா மாத்தணும்னு ஒரு கோரிக்கை நிர்வாகத்துக்குப் போயிருக்கு.

என் கருத்தை முதல்லயே போட்டு உடைச்சிடுறேன். வீகன் பிள்ளைங்க பேச்சுல பாதிக்கு மேல நியாயம் இருக்கு. நமக்குக் கசக்கும், ஆனா நியாயம்தான். பழம் மட்டும்னு சொல்றவங்க பேச்சு கேக்க இனிப்பா இருக்கு. கருணைக் கணக்குலயும் சரி, காடு ஆறு கணக்குலயும் சரி, அது வீகனுக்கு மேல இல்ல, கீழதான் நிக்குது. வீட்டுல யாரும் எப்படி வேணா இருக்கலாம். கோயில் பேரைச் சொல்லி அதை ஊர் தலையில கட்டக் கூடாது.

நான் பெரிய படிப்பு படிச்சவன் இல்ல. எஸ்பிஎம் முடிச்சதும் ஃபேக்டரிக்குப் போனவன், இன்னைக்கு லைன் சூப்பர்வைசர். அங்க நான் கத்துக்கிட்ட ஒரு விஷயம்தான் இந்தப் பதிவு முழுக்க. கடைசி டேபிள்ல பொருள் பளபளன்னு வந்து நிக்குதுன்னு லைன் நல்லா ஓடுதுன்னு சொல்லிட முடியாது. ரிஜெக்ட் தொட்டியில என்ன விழுந்திருக்கு, வாய்க்கால்ல என்ன ஓடுது, எந்த ஸ்டேஷன்ல யாரு கை நசுங்குச்சுன்னு பின்னாடி நடந்து போய்ப் பாக்கணும். சாப்பாடும் அப்படித்தான். என் தட்டு சுத்தமா இருக்குன்னு காட்டுறது சுலபம்.

முதல்ல பால். நம்மள்ல நிறைய பேருக்கு வீகன்னா ஏதோ வெள்ளைக்காரன் ஃபேஷன்னு நினைப்பு. பேரு அங்கேயிருந்து வந்ததுதான். 1944ல இங்கிலாந்துல டொனால்ட் வாட்சனும் கூட சில பேரும் சேர்ந்து உண்டாக்குன சொல்லு. ஆனா அவங்க கேட்ட கேள்வி நம்ம கேள்வி. மாமிசம் வேண்டாம்னு சொல்றீங்க, சரி, பால் எங்கேயிருந்து வருது?

கன்னு போட்டாத்தான் மாடு கறக்கும். இதுல யாருக்கும் சந்தேகம் இல்லையே? போடுற கன்னுல பாதி காளைக் கன்னு. அது கறக்காது. உழவுக்கும் வண்டிக்கும் டிராக்டரும் லாரியும் வந்தாச்சு. அப்போ அந்தக் காளைக் கன்னு எங்க போகுது? கறவை வத்துன கிழட்டு மாடு எங்க போகுது? அதுதான் பால் லைனோட ரிஜெக்ட் தொட்டி. நம்ம ஊரு சூப்பர்மார்க்கெட்ல உறைஞ்ச இறைச்சிப் பெட்டி முன்னால நின்னு பாருங்க. இந்தியாவுல இருந்து வந்த எருமை இறைச்சி அடுக்கி வச்சிருப்பாங்க. அதை நிறைய வாங்குற நாடுகள்ல மலேசியாவும் ஒண்ணு. உலகத்துலயே அதிகம் பால் உற்பத்தி பண்றது இந்தியா, அதுல பாதிக்குக் கொஞ்சம் குறைவா எருமைப் பால். பசுவை அறுக்கப் பல மாநிலங்கள்ல தடை இருக்கு, எருமைக்கு அப்படி இல்ல. அந்த ஊர் பால் சொம்பும் இந்த ஊர் இறைச்சிப் பெட்டியும் ஒரே மாட்டுலயிருந்து வர்றது. "பால் கறக்கிறதுல என்ன கொலை இருக்கு"ன்னு குழுவுல கேட்ட அண்ணன்மார்களுக்கு இதுதான் பதில்.

உடனே சில பேருக்கு எஸ்டேட் ஞாபகம் வரும். எனக்கும் வரும். லயத்துக்குப் பின்னால ரெண்டு மாடு, கன்னு குடிச்ச பிறகு கறந்த பால், சைக்கிள்ல போத்தல் கட்டி வீடு வீடா ஊத்துன பால்காரர். அந்த மாட்டுக்குப் பேரு இருந்துச்சு, செத்தா அழுதாங்க. மறுக்கல. ஆனா அந்த எஸ்டேட் எங்க இப்போ? பால்மரம் வெட்டி செம்பனை நட்டாங்க, பல இடத்துல தாமான் வீடு வந்துச்சு, சனங்களைக் கிளப்புனப்போ மாட்டுக்கு நிக்க இடமில்லாம வித்துட்டாங்க. இன்னைக்கு நாம அபிஷேகத்துக்கு வாங்குறது பேர் வச்ச மாட்டோட பால் இல்ல. கார்ட்டன் பால். டீக்குப் போடுற கெட்டிப் பாலும் பால் மாவும் கப்பல்ல வந்த சரக்கு. இல்லாத லெச்சுமி மாட்டைக் காட்டி இருக்கிற கார்ட்டனுக்கு வக்காலத்து வாங்க முடியாது.

சுற்றுச்சூழல் கணக்குலயும் பிள்ளைங்க பக்கம்தான் ஜெயிக்குது. 2018ல 'சயின்ஸ்' இதழ்ல பூர், நெமெசெக்னு ரெண்டு பேர் 119 நாட்டுல சுமார் 38,700 பண்ணைகளோட விவரத்தைச் சேர்த்து ஒரு ஆய்வு போட்டாங்க. உலக சராசரியில ஒரு லிட்டர் பசும்பாலுக்கு ஏறக்குறைய 3 கிலோ கரிவாயு, சோயா பாலுக்கு 1 கிலோ. நிலத்துல வித்தியாசம் இன்னும் பெருசு, பசும்பாலுக்குப் பத்து மடங்குக்கு மேல. விலங்குப் பொருள் எல்லாத்தையும் விட்டா உணவுக்காகப் பயன்படுத்துற நிலத்துல முக்கால் பங்கு மிச்சமாகும்னு கணக்குப் போட்டாங்க. ஏன்னா மாடு சும்மா பால் தர்றதில்ல, அதுவும் செடியைத்தான் தின்னுது.

இந்த இடத்துல பழம் மட்டும் அணியை ஒரு கேள்வி கேட்டுட்டுப் போறேன். செடிக்கு வலிக்கும்னு உண்மையிலேயே நினைச்சா, செடியை மூட்டை மூட்டையாத் தின்னுற மாட்டோட பாலை முதல்ல நிறுத்தணும். ஆனா உங்க விரத அட்டையில "பழம், பால்"னு போட்டிருக்கீங்க. பழம் பாவமில்லை சரி, பால் எந்த மரத்துல காய்ச்சுது?

கேலி பண்றதுக்காகச் சொல்லல. பழம் மட்டும் என்கிற எண்ணம் நமக்குப் புதுசும் இல்ல. சமணர்கள்கிட்ட ஒரு கதை இருக்கு. பசியோட ஆறு பேர் ஒரு பழ மரத்துக்கிட்ட வர்றாங்க. ஒருத்தன் மரத்தையே வேரோட சாய்ச்சிடலாம்னான். அடுத்தவன் பெரிய கிளையை வெட்டலாம்னான். இப்படியே கொப்பு, கொத்து, பழம்னு இறங்கி, ஆறாவது ஆள் தரையில தானா விழுந்து கிடக்கிறதைப் பொறுக்கிச் சாப்பிட்டாப் போதும்னான். அவன் மனசுதான் வெள்ளை மனசுன்னு சொல்வாங்க. அழகான கதை. ஆனா கதையில மரம் ஒண்ணு, ஆள் ஆறு. தஞ்சோங் மாலிம் கோயில் அன்னதானத்துல 300 பேர். அந்த 300 பேருக்கும் தானா விழுந்த பழம் எங்கேயிருந்து வரும்? பெட்டியில வரும். லாரியில வரும். திராட்சையும் ஆப்பிளும் கப்பல்ல, குளிர் அறையில வரும். மரம் "தானா கொடுத்த" பழம் இதுல எத்தனை?

செடியைச் சாப்பிடுறது கொலையாங்கிற கேள்விக்கு வள்ளலார் 150 வருஷத்துக்கு முன்னாலயே பதில் சொல்லிட்டார். ஜீவகாருண்யத்தைப் பத்தி எழுதுனப்போ இதே கேள்வியை எடுத்து வச்சுப் பேசியிருக்கார். விதை, காய், கனி, கிழங்கு, தழை எடுக்கிறது, நாம நகமும் முடியும் வெட்டுற மாதிரி, அதுல உயிருக்குக் கொலைத் துன்பம் இல்லைங்கிறது அவர் விளக்கம். வாடின பயிரைக் கண்டு வாடினேன்னு சொன்ன மனுஷனே அப்படிச் சொல்லிட்டார். அதோட நிக்கல. 1867ல வடலூர்ல தருமச்சாலை ஆரம்பிச்சு அடுப்பு மூட்டினார், இன்னைக்கு வரைக்கும் அந்த அடுப்பு அணையாம எரியுது. பழக் கடை வைக்கல, அடுப்பு வச்சார். அவருக்குக் கருணைன்னா முதல்ல அடுத்தவன் பசியை ஆத்துறது. தன் வாய்க்குள்ள என்ன போகலைங்கிற கணக்கு அதுக்குப் பின்னாலதான்.

பழம் மட்டும் சாப்பிட்டு வாழ்ந்து பாத்த ஆள் வேணுமா? காந்தியைப் பாருங்க. 1910ல தென்னாப்பிரிக்காவுல ஜோகன்னஸ்பர்க் பக்கத்துல கேலன்பாக் கொடுத்த நிலத்துல டால்ஸ்டாய் பண்ணை ஆரம்பிச்சாங்க. சுமார் 1,100 ஏக்கர், பழ மரம் ஏராளம். அங்க இருந்த சத்தியாக்கிரகிகள்ல நம்ம தமிழாளுங்களும் இருந்தாங்க. 1912ல அங்கதான் காந்தியும் கேலன்பாக்கும் பாலை விட்டாங்க. கொஞ்ச நாள்ல அடுப்பே வேண்டாம்னு பழத்துக்குப் போனாங்க. பச்சை நிலக்கடலை, வாழைப்பழம், பேரீச்சை, எலுமிச்சை, ஒலிவ எண்ணெய். கிடைக்கிறதுல மலிவான பழமாத்தான் இருக்கணும்னு அவருக்கு ஒரு பிடிவாதம், ஏழை சாப்பிடுற மாதிரி இருக்கணுமாம். நம்ம ஆட்கள் ட்ராகன் பழமும் இறக்குமதி செர்ரியும் தட்டுல அடுக்கிப் படம் போடுறதை அவர் பாத்திருந்தா என்ன சொல்லியிருப்பாரோ.

அவருக்கு என்ன ஆச்சு? 1914ல லண்டன்ல நுரையீரல் பக்கம் நோவு வந்து படுத்தார். கோகலே, டாக்டர் ஜீவராஜ் மேத்தா எல்லாரும் கெஞ்சியும் விடல. இந்தியாவுக்கு வந்த பிறகு 1918ல வயித்துக்கடுப்புல செத்துப் பிழைச்சார். அப்போ பாம்பேயில டாக்டர் பால் குடிச்சே ஆகணும்னார். இவர் சத்தியம் பண்ணிட்டேன்னார். கஸ்தூர்பா கட்டிலுக்குப் பக்கத்துல நின்னு, சத்தியம் பண்ணும்போது பசுவும் எருமையும்தானே மனசுல இருந்துச்சு, ஆட்டுப் பால் குடிக்கலாம்லன்னு கேட்டாங்க. குடிச்சார். வாழ்றதுக்காகச் சத்தியத்தோட எழுத்தைக் காப்பாத்தி அதோட உயிரை விட்டுட்டேன்னு பிற்பாடு மனசு நொந்து எழுதினார். கடைசி வரைக்கும் ஆட்டுப் பால்தான். அவ்வளவு மன உறுதி உள்ள ஆளு, பக்கத்துல டாக்டருங்க, பாத்துக்க கஸ்தூர்பா. அவராலயே முடியாததை, காலையில அஞ்சு மணிக்கு எழுந்து பஸ் பிடிச்சு ஓவர்டைம் பாத்துட்டு வர்ற நம்ம பொம்பளைப் பிள்ளைங்க 48 நாள் செய்யணுமா?

கணக்கைப் பாருங்க. ஒரு சாதாரண ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமாரா 2,000 கலோரி வேணும். உரிச்ச வாழைப்பழம் ஒரு கிலோவுல கிட்டத்தட்ட 890. அப்போ ரெண்டே கால் கிலோ சாப்பிடணும், புரதம் வர்றது 25 கிராம், வேணுங்கிறதுல பாதி. பப்பாளின்னா நாலரை கிலோவுக்கு மேல. தர்பூசணின்னா ஆறு, ஏழு கிலோ! அரிசியும் பருப்பும் கிலோவுக்கு 3,500 கலோரிக்குப் பக்கம், பருப்புல புரதம் 200 கிராமுக்கு மேல. அன்னதானக் கணக்கு போடுவோம். 300 பேருக்கு ஒரு வேளைக்கு 30 கிலோ அரிசி, 8 கிலோ பருப்பு, காய்கறி. ஒரு ஹைலக்ஸ்ல வந்துடும், மிச்சமானா அடுத்த வாரத்துக்கு ஆகும். அதே பசியை வாழைப்பழத்துல ஆத்தணும்னா உரிச்ச பழமே சுமார் 150 கிலோ. வெள்ளிக்கிழமை வாங்கினா ஞாயிற்றுக்கிழமை கறுத்துடும். தோல் வேற மலை மாதிரி. ஒரு கிலோவுக்கு எவ்வளவு கரிவாயுன்னு பாத்தா பழம் குறைச்சல்தான், ஒத்துக்கிறேன். வயிறு ரொம்ப எத்தனை கிலோ வேணும், எத்தனை கிலோ அழுகிப் போகும்னு பாத்தா அந்தப் பெருமை பாதியாயிடுது.

இன்னொண்ணு, இது விளையாட்டு இல்ல. 2019 தேசிய சுகாதார ஆய்வுப்படி இந்த நாட்டுல பெரியவங்கள்ல ஏறக்குறைய அஞ்சுல ஒருத்தருக்கு இனிப்பு நீர். இந்தியர்கள்கிட்ட அதைவிட அதிகம். நம்ம கோயில் வரிசையில நிக்கிறவங்க கால்ல கட்டைப் பாத்தாலே தெரியும். மாத்திரை போட்டுக்கிட்டு, ஊசி குத்திக்கிட்டு, நாளெல்லாம் பழம் மட்டும் சாப்பிட்டா சர்க்கரை ஏறி இறங்கி எங்க போய் நிக்கும்? "சாமி பாத்துக்குவார்"னு எழுதுன தம்பிக்கு, சாமிதான் கிளினிக்கையும் வச்சிருக்கார்னு சொல்லிக்கிறேன்.

சரி, பழத்தோட ரிஜெக்ட் தொட்டியைப் போய்ப் பாப்போம். நம்ம நாட்டுல பழம்னா ராஜா டுரியான். முசாங் கிங்குக்கு வெளிநாட்டுல விலை ஏறினதும் காட்டை வெட்டித் தோட்டம் போட ஆரம்பிச்சாங்க. கிளந்தான் குவா மூசாங்ல தெமியார் ஓராங் அஸ்லி சனங்க தங்கள் மூதாதையர் காட்டுல மரம் வெட்டி டுரியான் நடுறதை எதிர்த்து ரோட்டுல மறியல் போட்டு நின்னாங்க. 2019 ஜனவரியில மத்திய அரசாங்கமே அவங்களுக்காக மாநில அரசாங்கத்து மேல வழக்கு போடுற அளவுக்குப் போச்சு. நம்ம காட்டுல மலாயாப் புலி இப்போ 150க்கும் கீழன்னு தேசியப் புலிக் கணக்கெடுப்பு சொல்லுது. அதோட காட்டைத் தின்னதுல செம்பனை, கட்டை கம்பெனி எல்லாம் இருக்கு, ஆனா இந்தப் பழமும் இருக்கு. எதையும் கொல்லாத பழம்னு ஒண்ணு கடையில விக்கிறாங்களா என்ன? ஐயப்பன் புலி மேல வர்றார்னு பஜனை பாடிட்டு, புலிக் காட்டுல விளைஞ்ச டுரியானை "அகிம்சை உணவு"ன்னு சொன்னா எப்படி?

நெல்லும் சுத்தம் இல்ல, அதையும் மறைக்கல. வயல்ல தண்ணி நின்னா மீத்தேன் வரும், அறுப்பு மெஷின் முன்னால எலி, தவளை, பாம்பு சாகும். சாப்பிடுற எல்லாருக்கும் பின்னால ஏதோ ஒரு சாவு இருக்கு. அளவு எவ்வளவு, குறைக்க முடியுமான்னுதான் பேச முடியும். நான் முழுச் சுத்தம், நீ பாவின்னு பேச ஆரம்பிச்சா அது வேற விஷயம்.

அந்த வேற விஷயம்தான் என்னை எழுத வச்சது. போன வாரம் மடப்பள்ளியில கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்த ஒரு அக்காகிட்ட, "நீங்க பண்றது உயிர்க்கொலை, தெரியுமா"ன்னு ஒருத்தர் சொல்லியிருக்கார். அந்த அக்கா இருபது வருஷத்துக்கு மேல நமக்குச் சமைச்சுப் போடுறவங்க. திருப்பி ஒண்ணும் சொல்லல, கையைக் கழுவிட்டு எழுந்து போயிட்டாங்க. அந்தக் கையைப் பாத்திருக்கீங்களா? ரெண்டு விரல்ல நகம் ஒழுங்கா முளைக்காது. சின்ன வயசுல எஸ்டேட்ல முதுகுல டின்னு மாட்டி புல்லுக்கு மருந்து அடிச்சவங்க. கையுறை இல்ல, முகமூடி இல்ல, துணியைக் கட்டிக்கிட்டு அடிச்சாங்க. அந்தக் காலத்துப் புல் மருந்துல பாராகுவாட் முக்கியமானது. மருந்தடிச்ச பொம்பளைங்களுக்கு என்னென்ன ஆச்சுன்னு 2002லயே தெனாகனித்தா அமைப்பு ஆய்வு போட்டு வெளியிட்டுச்சு. மூக்குல ரத்தம், தோல் வெந்து போறது, நகம் விழுறது. அந்த வருஷமே தடைன்னாங்க, 2006ல தளர்த்தினாங்க, முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1ல. பதினெட்டு வருஷம்! அதுக்குள்ள எத்தனை அக்கா, எத்தனை அம்மா.

கீரைக்கு வலிக்குமான்னு யோசிச்ச மனசு, மருந்தடிச்ச கைக்கு வலிச்சுதான்னு யோசிக்கல. பழத் தோட்டத்துலயும் மருந்து அடிக்கிறாங்க. இன்னைக்கு அதை அடிக்கிறது வங்காளதேசத்துப் பையன், இந்தோனேசியாக்காரன். ஒரு ஆப்பிளோட வழவழப்பைப் பாத்தா அவன் மூச்சு தெரியாது. என் கணக்குல மனுஷனும் உயிர்தான்.

இப்போ வீகன் பிள்ளைங்களுக்கும் ரெண்டு வார்த்தை, ஒரு பக்கமா பேசுறேன்னு வேண்டாம். நெய்யை எடுத்துட்டு டின் நெய்க்கு மாறலாம்னு சொன்னீங்க. 'மினியாக் சாப்பி'ன்னு எழுதியிருக்கிற பல டின்னைத் திருப்பிப் படிச்சுப் பாருங்க, மாட்டுப் பேரு வெளிய, செம்பனை எண்ணெய் உள்ள. மாட்டை விட்டுட்டு யானைக் காட்டுல கை வைக்கிறோம். பாதாம் பால்னு சொன்னீங்க. உலகத்துப் பாதாம்ல ஏறக்குறைய 80 விழுக்காடு கலிபோர்னியாவுல விளையுது, தண்ணிப் பஞ்சம் உள்ள ஊரு, பூ பூக்கும் நேரத்துல தேனீப் பெட்டியை லாரி லாரியா நாடு முழுக்க இருந்து கொண்டு வந்து இறக்குறாங்க. தேன் வேண்டாம்னு சொல்லிட்டுத் தேனீயை லாரியில ஏத்துறதா? நமக்கு அதெல்லாம் எதுக்கு? தேங்காய்ப் பால் இருக்கு. பாயாசம் தேங்காய்ப் பால்ல வச்சா யாரு வேண்டாம்பாங்க? சோயா பால் பசார் மாலாம்ல கிடைக்குது. பி12 சத்து மட்டும் செடி உணவுல வராது, மாத்திரையைப் பத்தி டாக்டர்கிட்ட கேட்டுக்குங்க, அதை மறைச்சுப் பிரச்சாரம் பண்ணாதீங்க.

பஞ்சாமிர்தத்துல கை வைக்காதீங்கன்னு பெரியவங்க கோவப்பட்டதும் எனக்குப் புரியுது. வாழைப்பழம், வெல்லம், நெய், தேன், ஏலக்காய்னு சேர்ந்து வர்ற பழனி பஞ்சாமிர்தம் அது. 2019ல புவிசார் குறியீடே வாங்கிடுச்சு. பழத்துக்காக அண்ணன் தம்பிக்குள்ள சண்டை வந்து, கோவிச்சுக்கிட்டு மலை ஏறினவர் நம்ம முருகன். நாமளும் அதே பழத்துக்காகச் சண்டை போட்டுக்கிட்டு இருக்கோம், அவர் சிரிப்பார். கரண்டி பஞ்சாமிர்தத்துல போற நெய்யை நான் எண்ணல. நான் எண்ணுறது குடம் குடமா வாய்க்கால்ல போற பாலை.

இதை யாரும் பேச மாட்டேங்கிறாங்க, நான் பேசுறேன். ஃபேக்டரியில கழிவுத் தண்ணி வெளிய விடுறதுக்கு முன்னால சோதனை பண்ணுவோம். ஆத்துல உயிர் வாழ வேண்டிய ஆக்சிஜனை இந்தத் தண்ணி எவ்வளவு குடிச்சிடும்னு ஒரு அளவு, பிஓடின்னு சொல்வோம். குடிநீர் எடுக்கிற இடத்துக்கு மேல்பக்கம்னா லிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, தாண்டினா சுற்றுச்சூழல் இலாகாக்காரங்க வந்துடுவாங்க. பாலுக்கு அந்த அளவு என்ன தெரியுமா? லிட்டருக்குச் சுமார் ஒரு லட்சம். ஒரு லிட்டர் பாலை அந்த அளவுக்கு இறக்கணும்னா 5,000 லிட்டர் நல்ல தண்ணி கலக்கணும். திருவிழா அன்னைக்கு நம்ம வாய்க்கால்ல வெள்ளையா ஓடுறதைப் பாத்திருக்கீங்க. ஊரு வாய்க்கால் எல்லாம் பெர்னாம் ஆத்துக்குத்தான் போகுது. கன்னுகிட்டயிருந்து எடுத்தோம், கரிவாயு விட்டுக் கொண்டு வந்தோம், கடைசியில மீனுக்கும் மூச்சு முட்ட வைக்கிறோம். ஒரே பால்ல மூணு குத்தம். தைப்பூசத்துல தேங்காய் உடைக்கிறதைக் குறைங்கன்னு பினாங்கு பயனீட்டாளர் சங்கம் வருஷக்கணக்கா சொல்லிக்கிட்டு இருக்கு. உணவை வீணாக்காதீங்கன்னு சொன்னா அது பக்திக்கு எதிரா?

அதனால வர்ற ஞாயிற்றுக்கிழமை உச்சி பூஜை முடிஞ்சு நடக்கிற கூட்டத்துல நான் வைக்கப் போற கோரிக்கை இதுதான். அபிஷேகத்துக்கு ஒரு குடும்பத்துக்கு ஒரு சின்னச் செம்பு, அதுக்கு மேல கொண்டு வர்ற பாலைக் கார்ட்டன் பிரிக்காம அப்படியே வாங்கி வச்சு, பக்கத்துல இருக்கிற முதியோர் இல்லத்துக்கும் ஆதரவற்ற பிள்ளைங்க இல்லத்துக்கும் அன்னைக்கே அனுப்பணும். அபிஷேகப் பால் வாய்க்காலுக்குப் போகாம தொட்டியில பிடிக்கணும், தண்ணி கலந்து பின்னால இருக்கிற தென்னை, வாழைக்கு ஊத்தலாம். தொட்டியும் குழாயும் என் செலவு, வேலைக்கு எங்க ஃபேக்டரி பையன்கள் ரெண்டு பேரைக் கூட்டிட்டு வர்றேன். அன்னதானத்துல தயிர், மோர் தனிப் பாத்திரத்துல, வேணுங்கிறவங்க எடுத்துக்கட்டும். மீதிச் சமையல் முழுக்கப் பால் நெய் இல்லாம, தேங்காய், பருப்பு, கீரை, முடிஞ்சவரை பேராக்லயே விளைஞ்ச காய். பாயாசம் தேங்காய்ப் பால்ல. வாழை இலை கிடைக்கிற நாள்ல பிளாஸ்டிக் தட்டு வேண்டாம். பழம் வேணும், ஆளுக்கு ஒரு வாழைப்பழம், ரஸ்தாளியோ பிசாங் மாஸோ, நம்ம ஆளுங்க வீட்டுப் பின்னால காய்ச்சதுன்னா இன்னும் நல்லது.

48 நாள் பழ விரதத்தைக் கோயில் விரதமா அறிவிக்கக் கூடாது. இருக்க விரும்புறவங்க அவங்க வீட்டுல, டாக்டரைக் கேட்டுட்டு இருக்கட்டும். அந்த அறிவிப்பு அட்டையை நிர்வாகம் எடுத்துடணும்.

அந்த அக்கா இந்தச் சனிக்கிழமை வரலைன்னு சொல்லிட்டாங்க. போய்ப் பேசணும். சொன்னவரே போய்ப் பேசணும், கூட நான் வர்றேன். இல்லைன்னா 300 பேருக்கு யார் சமைக்கிறதுன்னு அவரே குழுவுல எழுதட்டும்.